பத்து நாள்களுக்குக் கணக்குச் சொன்ன குருவானவர்

உங்கள் வீட்டுச் சுவரில் ஒரு நாள்காட்டி தொங்கிக்கொண்டிருக்கும். மாதம் முடிந்ததும் அதன் தாளை மறுபக்கம் திருப்பிவிடுகிறீர்கள். இந்த மாதம் முப்பதா, முப்பத்தொன்றா என்ற ஐயம் எழுந்தால், வீட்டிலுள்ள பிள்ளை கையைப் பொத்தி விரல் மொழிகளைத் தொட்டு எண்ணிச் சொல்லிவிடும். பெப்ரவரிக்கு மாத்திரம் அந்த மொழிக் கணக்கு உதவாது. அது 28 நாளில் முடியுமா, 29 நாளில் முடியுமா என்பதை ஆண்டின் இலக்கத்தைப் பார்த்தே சொல்லவேண்டும். அதற்கு ஒரு விதி இருக்கிறது. அந்த விதியை உலகத்தார் விளங்கிக்கொள்ளும்படி விரித்துரைத்து, தாக்கியவர்களுக்கெல்லாம் விடை எழுதி, தம் வாழ்நாளில் முப்பது ஆண்டுகளை அதற்கே செலவிட்டவர் ஒரு யேசுசபைக் குருவானவர். கிறிஸ்தோப்பர் கிளாவியுஸ் என்பது அவருடைய பெயர். நமது திருவழிபாட்டு நாள்காட்டியை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். அவரையோ நம்மில் பலர் கேள்விப்பட்டதுமில்லை.

கிளாவியுஸ் 1538ஆம் ஆண்டு ஜேர்மனி நாட்டின் பம்பேர்க் என்னும் ஊரில் பிறந்தார். இளமைப் பருவம்பற்றி அவர் எழுதிவைத்தது மிகச் சொற்பம். 1555இல், புனித இஞ்ஞாசியார் உயிரோடிருந்த காலத்திலேயே, பதினேழு வயது இளைஞராக உரோமாபுரியில் யேசுசபையிற் சேர்ந்தார். படிப்புக்காக அவரைப் போர்த்துக்கல் நாட்டின் கோயிம்பிராப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே 1560ஆம் ஆண்டு ஓகஸ்ட் 21ஆந் திகதி நண்பகல் வேளையில் முழுச் சூரிய கிரகணம் ஒன்று தோன்றியது. கால் வைக்கும் இடமே தெரியாத இருள் கவிந்ததென்றும், வானத்தில் விண்மீன்கள் தென்பட்டனவென்றும், பறவைகள் அச்சத்தால் தரையில் வீழ்ந்தனவென்றும் பின்னாளில் அவர் எழுதினார். அந்தக் காட்சியைக் கண்ட இளைஞர் கணிதத்தையும் வானசாஸ்திரத்தையும் பிறகு விட்டதேயில்லை.

உரோமாபுரிக்குத் திரும்பி, 1564இல் குருப்பட்டம் பெற்று, யேசுசபையாரின் உரோமைக் கல்லூரியில் கணிதம் கற்பிக்கத் தொடங்கினார். இடையிடையே சில காலம் தவிர, சாகும்வரை அதுவே அவருடைய தொழில். அக்காலத்தில் தத்துவம் கற்பித்தவர்களுக்குக் கணித ஆசிரியர் என்றால் சற்று இளக்காரம். கணிதம் மெய்யான கல்வியல்ல என்று வகுப்பிலேயே மாணவருக்குச் சொன்னவர்களும் இருந்தார்கள். கிளாவியுஸ் இதைச் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பட்டமளிப்பு முதலிய வைபவங்களில் மற்றப் பேராசிரியர்களோடு கணித ஆசிரியருக்கும் சமமான இடம் கொடுக்கவேண்டும், அப்போதுதான் மாணவர் அந்தப் பாடத்தை மதிப்பார்கள் என்று மேலதிகாரிகளுக்கு எழுதினார். ஆசிரியத் தொழில் செய்யும் வாசகர்களுக்கு இந்த நியாயம் நன்றாக விளங்கும். 1574இல் அவர் வெளியிட்ட யூக்கிளிட்டின் கேத்திரகணித நூல் ஐரோப்பாவெங்கும் பாடநூலாயிற்று. அவருடைய மாணவர்களுள் ஒருவரே சீன நாட்டுக்கு மறைபரப்பச் சென்ற மத்தேயு ரிச்சி. கோவாவில் வந்திறங்கி, 1580இல் கொச்சியில் குருப்பட்டம் பெற்றுச் சீனா சென்ற இவர், தம் ஆசிரியரின் யூக்கிளிட் நூலில் முதல் ஆறு பாகங்களைச் சூ குவாங்சி என்ற சீன அறிஞரோடு சேர்ந்து மொழிபெயர்த்து 1607இல் வெளியிட்டார்.

இனி நாள்காட்டிக்கு வருவோம். யூலியஸ் சீசர் ஏற்படுத்திய பழைய நாள்காட்டியில் நான்காண்டுக்கு ஒருமுறை தவறாமல் பெப்ரவரிக்கு ஒரு நாள் கூடும். அதன்படி ஓராண்டு என்பது 365 நாளும் 6 மணித்தியாலமும். சூரியனுடைய உண்மையான ஆண்டோ அதைவிட ஏறக்குறைய 11 நிமிடம் குறைந்தது. ஆண்டுக்குப் பதினொரு நிமிடந்தானே என்று நீங்கள் நினைக்கலாம். கடைக்காரரிடம் கொப்பிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், சில்லறை சேர்ந்தால் என்னவாகும் என்று. ஏறத்தாழ 128 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகிவிடும். 325ஆம் ஆண்டு நிசேயாப் பொதுச்சங்கம் கூடிய காலத்தில், பகலும் இரவும் சமமாகும் வசந்த கால நாள் மார்ச் 21ஆந் திகதியில் வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் அது மார்ச் 11ஆந் திகதிக்கு வந்துவிட்டது.

இதனால் திருச்சபைக்கு என்ன நட்டம் என்று கேட்பீர்கள். நட்டம் பாஸ்குத் திருநாளில் இருந்தது. மார்ச் 21ஆந் திகதியிலோ அதன் பின்னரோ வரும் முதற் பூரணைக்கு அடுத்த ஞாயிறே உயிர்த்த ஞாயிறு. சூரியன் மார்ச் 11இலேயே அந்த எல்லையைக் கடந்துவிட, திருச்சபையின் அட்டவணையோ மார்ச் 21ஐக் காத்துக்கொண்டிருந்தது. இடைப்பட்ட நாள்களில் ஒரு பூரணை வந்துவிட்டால், அதைக் கணக்கிற் கொள்ளாமல் அடுத்த பூரணைக்குக் காத்திருக்க நேரும். உயிர்த்த ஞாயிறு ஒரு மாதம் பிந்திவிடும். அதனோடு தவக்காலமும் திருநீற்றுப் புதனும் பெந்தக்கோஸ்துவும் எல்லாமே பிந்தும். ஒறுத்தல் செய்யவேண்டிய நாளில் விசுவாசிகள் இறைச்சி உண்பார்கள், மகிழ்ந்திருக்க வேண்டிய நாளில் ஒருசந்தி பிடிப்பார்கள். இதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே ரோஜர் பேக்கன் என்ற பிரான்சிஸ்கன் சபைத் துறவி பாப்பரசருக்கு எழுதி முறையிட்டிருந்தார். மூன்று நூற்றாண்டாக எல்லாரும் பிழையை அறிவார்கள், திருத்துவாரில்லை.

திரெந்துப் பொதுச்சங்கம் 1563இல் முடிவுற்றபோது செபப் புத்தகத்தையும் திருப்பலிப் புத்தகத்தையும் சீர்செய்யும் பொறுப்பைப் பாப்பரசரிடம் விட்டது. 1572இல் தெரிவான பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரியார் நாள்காட்டிக்காக ஒரு குழுவை நியமித்தார். கர்தினால் சிர்லேத்தோ அதற்குத் தலைவரானார். சுவரிலுள்ள துளைவழியே விழும் சூரிய ஒளியைக்கொண்டு நண்பகலைக் காட்டும் கோட்டை வத்திக்கானின் காற்றுக் கோபுரத்தில் அமைத்த இஞ்ஞாசியோ தாந்தி என்ற தொமினிக்கன் சபைத் துறவியும், அந்தியோக்கியாவின் சீரியப் பிதாப்பிதாவாயிருந்து உரோமைக்கு வந்த இஞ்ஞாசியுஸ் நெமத்தல்லாவும் அதில் இருந்தனர். கணித நிபுணராகக் கிளாவியுஸ் சேர்க்கப்பட்டார்.

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்லவேண்டும். புதிய நாள்காட்டியின் மூலத்திட்டம் கிளாவியுஸ் கண்டுபிடித்ததல்ல. அதை வகுத்தவர் இத்தாலியின் தென்கோடியிலுள்ள கலாபிரியாவைச் சேர்ந்த லுயிஜி லிலியோ என்னும் வைத்தியர். அவர் 1576இல் இறந்துவிட்டார். அவருடைய சகோதரர் அந்தோனியோதான் கையெழுத்துப் பிரதியைப் பாப்பரசரிடம் கொண்டுவந்து கொடுத்தார். செத்துப்போன ஒருவருடைய கணக்கைத் தன்னுடையதென்று காட்டிக்கொள்ள வேறொருவருக்கு ஆசை வந்திருக்கலாம். கிளாவியுஸ் தாம் எழுதிய நூல்களில் லிலியோவின் பெயரை மறைக்கவில்லை. அந்தப் பெருமை அவருக்கே உரியதென்று எழுதினார். இன்று லிலியோவின் பெயர் நமக்குத் தெரிவதில் கிளாவியுசின் பங்கு பெரிது.

லிலியோவின் திட்டத்தில் சூரியக் கணக்கு இலகுவானது. நான்கால் வகுபடும் ஆண்டில் பெப்ரவரி 29 நாளில் முடியும். ஆனால் நூற்றாண்டு நிறையும் ஆண்டென்றால் அது நானூறால் மீதியின்றி வகுபட்டால் மாத்திரமே 29. ஆகவே 1600 லீப் வருடம், 1700, 1800, 1900 அல்ல, 2000 லீப் வருடம், 2100 அல்ல. நானூறு ஆண்டில் நூறு லீப் நாளுக்குப் பதிலாகத் தொண்ணூற்றேழு. நானூறு ஆண்டின் மொத்த நாள்களை எண்ணினால் 146,097 வரும். அது சரியாக 20,871 வாரம், மீதி ஒன்றுமில்லை. ஆகையால் நானூறு ஆண்டுக்கு ஒருமுறை திகதிகளும் கிழமைகளும் பழைய ஒழுங்கில் திரும்பவும் வரும். பென்சிலை எடுத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

சந்திரக் கணக்குத்தான் சிக்கலானது. அமாவாசைக்கு அமாவாசை இருபத்தொன்பதரை நாள். பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள், சூரிய ஆண்டுக்குப் பதினொரு நாள் குறைவு. இலங்கையில் 1966 முதல் 1971 வரை ஞாயிறுக்குப் பதிலாகப் போயா நாளே வார விடுமுறையாயிருந்ததை நம் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். போயாவுக்குப் போயா ஒருமுறை ஏழு நாளும் ஒருமுறை எட்டு நாளுமாக வந்து, ஞாயிறு பூசைக்குப் போவதும் வேலைக்குப் போவதும் ஒன்றோடொன்று மோதிக்கொண்ட காலம் அது. சந்திரன் நம் ஏழு நாள் வாரத்துக்கு அடங்கி நடப்பவனல்ல. லிலியோ என்ன செய்தார் என்றால், ஜனவரி முதலாந் திகதியன்று சந்திரனுக்கு வயது எத்தனை நாள் என்று ஆண்டுதோறும் ஓர் இலக்கத்தைக் குறித்தார். அந்த இலக்கம் ஆண்டுக்குப் பதினொன்று கூடும். முப்பதைத் தாண்டினால் முப்பதைக் கழித்துவிடவேண்டும். அந்த ஓர் இலக்கத்தைக்கொண்டு அவ்வாண்டில் திருச்சபை கைக்கொள்ளும் சந்திர மாதம் ஒவ்வொன்றும் எந்தத் திகதியில் தொடங்குமென்று சொல்லிவிடலாம். நூற்றாண்டு முடிவில் லீப் நாளை விட்டுவிடுவதால் வரும் மாற்றத்துக்கும், சந்திரனின் சொந்தப் பிசகுக்கும் தனித்தனியே திருத்தம் வைத்தார். பின்னையது 2500 ஆண்டில் எட்டு நாள்.

வானத்தைப் பார்த்தே பூரணையைத் தீர்மானித்தால் என்ன என்று கேட்டவர்கள் பலர். கிளாவியுசின் விடை, மேய்ப்புப் பணி தெரிந்த ஒருவருடைய விடை. பூரணை ஒரு நாட்டில் நள்ளிரவுக்கு முன்னும் வேறொரு நாட்டில் நள்ளிரவுக்குப் பின்னும் நிகழலாம். அப்படியாயின் ஒரே திருச்சபை இரண்டு ஞாயிறுகளில் உயிர்த்த விழாக் கொண்டாடும். வான அட்டவணைகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. மலைக்கிராமத்திலுள்ள பங்குக் குருவும் காகிதத்தில் கூட்டிக் கழித்து அறியக்கூடிய கணக்கே வேண்டும். அதற்காக வானத்தோடு ஒரு நாள் முன்பின் ஆனாலும் பரவாயில்லை என்பது அவருடைய துணிபு. எனக்கு அது சரியென்றே படுகிறது.

1582ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆந் திகதி பாப்பரசர் ஆணைமடலில் ஒப்பமிட்டார். ஒக்டோபர் 4ஆந் திகதி வியாழக்கிழமைக்கு மறுநாள், ஒக்டோபர் 15ஆந் திகதி வெள்ளிக்கிழமை. கிழமை தவறவில்லை, பத்துத் திகதிகள் மாத்திரம் எடுபட்டன. திருநாள்கள் குறைந்த காலமென்பதாலேயே ஒக்டோபரைத் தெரிந்தார்கள். அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ்குவின் திருநாளைக் கொண்டாடியபின், விடுபட்ட நாள்களின் புனிதர்களை 15ஆந் திகதி முதலாகக் கொண்டாடும்படி மடலிலேயே ஒழுங்கு சொல்லப்பட்டது. அதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. மாதத் தவணைக்கும் ஆண்டுத் தவணைக்கும் கடன் இறுக்கவேண்டியவர்கள் பத்து நாளை இழந்து நட்டப்படாதபடி, வழக்கு வந்தால் நீதிபதிகள் தவணையோடு பத்து நாளைக் கூட்டிக் கொடுக்கவேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. மாதம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறதென்பது ஏழைக்கு வாடகையும் கூலியுமான விடயம் என்பதை அந்த மடலை எழுதியவர்கள் மறக்கவில்லை.

அவிலாவின் புனித தெரேசம்மாள் மரித்தது இந்த இரவில்தான். ஸ்பானியா நாட்டில் அல்பா என்னும் ஊரிலுள்ள மடத்தில், 1582 ஒக்டோபர் 4ஆந் திகதி இரவு அந்தப் புனிதை கண்மூடினார். மறுநாள் அடக்கம். அந்த மறுநாள் ஒக்டோபர் 15ஆந் திகதி. அவருடைய திருநாளை நாம் இன்றும் ஒக்டோபர் 15இல் கொண்டாடுவதன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும்.

இத்தாலி, ஸ்பானியா, போர்த்துக்கல், போலந்து ஆகிய நாடுகள் உடனே ஏற்றன. பிரான்ஸ் அவ்வாண்டு டிசம்பரில் ஏற்றது. ஆனால் அது திருச்சபை பிளவுண்டு நின்ற காலம். பாப்பரசர் சொன்னார் என்ற ஒரே காரணத்துக்காகவே புரட்டஸ்தாந்து நாடுகள் மறுத்தன. கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் கலந்து வாழ்ந்த ஔக்ஸ்பேர்க் நகரில் 1584இல் இது பெருங்கலகமாயிற்று. ஒரே தெருவில் ஒரு வீட்டாருக்கு உயிர்த்த ஞாயிறு, அடுத்த வீட்டாருக்கு வேறு நாள். ஒரே ஆண்டவருடைய உயிர்ப்பை!

கணித அறிஞர்களும் தாக்கினார்கள். கெப்ளரின் ஆசிரியரான மெஸ்ட்லின் எழுதினார். சரித்திர காலக் கணிதத்தில் பேர்பெற்ற ஸ்கலிஜர் கடுமையாக எழுதினார். பிரான்சின் பெரிய கணித மேதை வியேத், தானும் ஒரு கத்தோலிக்கர், தன் பங்குக்கு வேறொரு நாள்காட்டியையே அமைத்தார். கிளாவியுஸ் 1588இல் மெஸ்ட்லினுக்கும், 1595இல் ஸ்கலிஜருக்கும் விடையாக நூல்கள் வெளியிட்டார். 1603இல் நாள்காட்டி முழுவதையும் விளக்கும் பெருநூல் வெளிவந்தது. அவருடைய பேனாவும் சில இடங்களிற் சூடானது உண்மை. ஆயினும் கணக்கில் அவர் தளரவில்லை. புரட்டஸ்தாந்தரான கெப்ளர் பின்னாளில் புதிய நாள்காட்டிக்காகவே பரிந்து பேசினார்.

ஜேர்மனியின் புரட்டஸ்தாந்துப் பகுதிகள் 1700இல் இணங்கின. பிரித்தானியா 1752இல் செப்டெம்பர் 2ஆந் திகதிக்கு அடுத்த நாளை 14ஆந் திகதி என்றது. ரஷ்யா 1918இல் ஜனவரி 31க்குப் பின் பெப்ரவரி 14க்குத் தாவியது. சுவீடன் கதை வேடிக்கையானது. அவர்கள் லீப் நாள்களை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு மெல்ல மெல்ல மாறுவோம் என்று 1700இல் தொடங்கினார்கள். ஒருமுறை விட்டார்கள், அடுத்த இரண்டு முறையும் விட மறந்தார்கள். இரண்டுங்கெட்டான் நிலையில் நின்று, பழைய கணக்குக்கே திரும்புவதற்காக 1712இல் பெப்ரவரிக்கு முப்பதாந் திகதி வைத்தார்கள். பின்னர் 1753இல் ஒரேயடியாக மாறினார்கள்.

இன்று அலுவலகங்களில் கணினிக்கு நிரல் எழுதும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். மாதத்தின் முதல் நாள் எப்போதும் ஒன்றுதான், அதில் தொல்லையில்லை. கடைசி நாளை அறிய அடுத்த மாதத்தின் முதல் நாளை எடுத்து, அதிலிருந்து ஒரு நாளைக் கழிப்பார்கள். கழித்தால் 28 வருமா 29 வருமா என்பதைத் தீர்மானிப்பது லிலியோவின் விதியே. அந்த விதியில் கவனம் தப்பினால் கணினியும் பிழைவிடும். லோட்டஸ் என்ற கணக்குத்தாள் நிரல் 1900ஐ லீப் வருடமாகக் கொண்டது. பின்னர் வந்த எக்செல், பழைய கோப்புகள் குழம்பாதிருக்க அதே பிழையை வேண்டுமென்றே ஏற்றுக்கொண்டது. ஆகவே எக்செல் நிரலில் 1900 பெப்ரவரி 29 என்றொரு நாள் இன்றும் இருக்கிறது. உலகில் எவரும் வாழ்ந்திராத நாள்!

முதிர்ந்த வயதில் கிளாவியுசுக்கு வேறொரு சோதனை வந்தது. கலிலேயோவை அவர் 1587 முதலே அறிவார். 1610இல் தொலைநோக்கியால் வியாழனைச் சுற்றும் நான்கு நிலாக்களைக் கண்டதாகக் கலிலேயோ வெளியிட்டபோது, கிளாவியுஸ் நம்பவில்லை. அவ்வாண்டின் இறுதியில் நல்ல தொலைநோக்கி கைக்கு வந்தது. தம் கண்ணாற் கண்டார். கண்டதும் கலிலேயோவுக்கு எழுதி ஒப்புக்கொண்டார். எழுபத்திரண்டு வயது, ஐரோப்பா முழுவதும் மதித்த பேராசிரியர், தமக்கு மாணவன் வயதுடைய ஒருவரிடம் தாம் ஐயுற்றது தவறென்று எழுதுகிறார். 1611இல் கர்தினால் பெலார்மின் கேட்டபோது, உரோமைக் கல்லூரிக் கணிதக் குருக்கள் நால்வரும் கலிலேயோ கண்டவை உண்மையே என்று எழுத்தில் உறுதிசெய்தார்கள். ஒன்றில் மாத்திரம் கிளாவியுசுக்கு மனம் ஒப்பவில்லை. சந்திரனில் மலையும் பள்ளமும் இருக்கின்றன என்பதை அவர் ஏற்கவில்லை. மேற்பரப்பு வழவழப்பானதே, உள்ளே அடர்த்தி சமமில்லாததால் அப்படித் தெரிகிறது என்று அவர் கருதினார். பூமியைச் சூரியன் சுற்றுகிறதென்ற பழைய கொள்கையையும் அவர் கடைசிவரை விடவில்லை. இரண்டிலும் அவர் எண்ணியது பிழை. ஆனாலும் தமது கடைசி நூற்பதிப்பில் புதிய கண்டுபிடிப்புகளைக் குறிப்பிட்டு, வானத்தின் அமைப்பை எப்படிக் கொண்டால் இவை பொருந்தும் என்று வானசாஸ்திரிகள் ஆராயவேண்டுமென எழுதிவைத்தார்.

1612 பெப்ரவரியில் உரோமாபுரியில் அவர் காலமானார். சுமார் நாற்பது ஆண்டுகளின் பின், 1651இல், ரிச்சியோலி என்ற மற்றொரு யேசுசபைக் குருவானவர் சந்திரனின் படம் ஒன்றை வெளியிட்டு, அதன் தென்பகுதியிலுள்ள மிகப் பெரிய பள்ளமொன்றுக்குக் கிளாவியுசின் பெயரை இட்டார். இருநூறு கிலோமீற்றருக்கு மேல் அகலமும், சுற்றிலும் மலைச்சுவரும், உள்ளே வளைந்த வரிசையாகச் சிறு பள்ளங்களும் கொண்டது அது. வழவழப்பான சந்திரனை நம்பியவருக்குக் கிடைத்த இடம் அது! 2020ஆம் ஆண்டு, விமானத்திற் பொருத்திய தொலைநோக்கி ஒன்றின் மூலம் ஆராய்ந்த விஞ்ஞானிகள் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் மூலக்கூறுகள் இருப்பதைக் கண்டறிந்தார்கள். அரைச்சந்திரனைக் கடந்து இரண்டொரு நாள் சென்ற இரவில், பாடசாலையில் ஒரு சிறு தொலைநோக்கி இருந்தால் பிள்ளைகளோடு பாருங்கள். சந்திரனின் தென்முனைப் பக்கமாக, வெளிச்சமும் இருளும் சந்திக்கும் ஓரத்தில் அது தெரியும்.